புதுச்சேரித் தமிழர் பகுதியில் ஒரு பழைய வீட்டு விடுதி

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, பழைய தமிழ் வீடொன்றைச் செப்பனிட்டு நடத்தப்படும் சிறு விடுதியில் குடும்பத்துடன் தங்கினோம். வீட்டைப் பராமரிக்கும் விதத்துக்காகவே இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

தெருவோரத்தில் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதையொட்டித் திண்ணை, உள்ளே வானம் பார்த்த முற்றம் என்று கீழ்த்தளம் முழுக்கத் தமிழ் வீடாகவும், மாடி வளைவுச் சன்னல்களோடு பிரெஞ்சுப் பாணியிலும் அமைந்துள்ளன. கூரை மெட்ராஸ் டெரஸ் வகையைச் சேர்ந்தது. தேக்குச் சட்டங்களின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நெட்டுக்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுக் கெட்டித்து, தட்டை ஓடுகளைப் பதித்திருக்கிறார்கள். எங்கள் அறையில் உளுத்துப்போன ஒரு சட்டத்தை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே விட்டிருந்தார்கள். புதுச் சட்டத்தின் நிறவேறுபாட்டைச் சாயம் பூசி மறைக்காதது எனக்கு மிகவும் பிடித்தது. சுவர்களுக்கும் சுண்ணாம்புப் பூச்சுதான். பழைய செங்கல் சுவருக்குச் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் பொரிந்து உதிரும் என்பதை அறிந்தவர்கள் செய்த வேலை இது.

மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் பக்கத்து மனை வெறுமையாகக் கிடக்கிறது. அங்கிருந்த வீட்டை இடித்துவிட்டார்கள். பொதுச்சுவரில் அந்த வீட்டின் மாடிப்படி ஏறிய தடமும், விளக்கேற்றிய மாடக்குழியும், அதைச் சுற்றி நீலம் கலந்த வெள்ளையடிப்பும் இன்னும் தெரிகின்றன. பாகப்பிரிவினையில் பல வாரிசுகளுக்குப் போகும் வீட்டைப் பழுதுபார்க்க ஒருவர் முன்வருவது கடினம். மனையின் விலையோ வீட்டின் விலையைவிடப் பலமடங்கு. அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களுக்கென்று இயற்றப்பட்ட 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இத்தகைய குடியிருப்பு வீடுகளை எட்டுவதில்லை. மரபுச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு பல ஆண்டுகளாக இவற்றைக் கணக்கெடுத்துப் பட்டியலிட்டு வந்திருந்தாலும், பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் கடப்பாரையைத் தடுக்காது. அதற்கு விதியும், அதை நிறைவேற்றும் அதிகாரியும், உரிமையாளருக்குப் பண உதவியும் சேர்ந்து வரவேண்டும். மும்பை 1995-லேயே தன் மரபுக் கட்டடங்களுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்துவிட்டது.

அரசே உரிமையாளராக இருந்தாலும் காப்பு உறுதியில்லை என்பதற்குக் கடற்கரைச் சாலையின் மேரி கட்டடம் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த நகராட்சிக் கட்டடம் பழுதடைந்தே கிடந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டி 2021-இல் திறந்தார்கள். முகப்பு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பழைய கட்டடம் போனது போனதுதான். மாறாக, ஆசிய நகரங்களுக்கு உதவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா ஊர்ப்ஸ் திட்டத்தில் வைசியாள் வீதியின் முகப்புகளைச் சீரமைத்த பணி 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதைப் பெற்றது. உரிமையாளரோடு செலவைப் பகிர்ந்துகொண்டால் தெரு பிழைக்கும் என்பதை அந்த வீதியில் நடந்தாலே உணரலாம். அவசியம் நடந்து பாருங்கள்.

விடுதியில் எனக்கு இரண்டு குறைகள். திண்ணையைச் சங்கிலி கட்டி அடைத்திருக்கிறார்கள். வழிப்போக்கர் உட்காரக் கட்டியதை அடைப்பது அந்த வீட்டுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. வீட்டின் வரலாற்றைச் சொல்லும் பலகை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டுமே இருக்கிறது. தமிழிலும் வைக்கும்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம், செய்வதாகச் சொன்னார்கள்.

மாடிப்படி செங்குத்தானது, லிஃப்ட் கிடையாது. பெரியவர்களோடு செல்வோர் கீழ்த்தள அறையைக் கேட்டு வாங்குங்கள். காலை உணவுக்கு இட்லியும் வடகறியும் நன்றாக இருந்தன. கார் நிறுத்த இடமில்லை.