வேகன்ஆரா, டியாகோவா? எங்கள் வீட்டில் முழங்கால்தான் முடிவு செய்தது

மதுரையில் திருநகரிலிருந்து சிம்மக்கல் வரை தினம் ஒரு தடவை போய்வருகிறவள் நான். பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் பசுமலை, பழங்காநத்தம், பெரியார் பஸ் ஸ்டாண்டு என்று ஒவ்வொன்றாகத் தாண்டி ஆபீஸ் போய்ச் சேர முக்கால் மணி ஆகிவிடும். திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாள் என்றால் அதற்கும் மேல். 11 வருடம் ஸ்கூட்டரிலேயே ஓட்டிவிட்டேன். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, முழங்கால் மாற்று அறுவை செய்த பிறகுதான் வீட்டில் கார் பேச்சே வந்தது. வாரம் மூன்று நாள் அண்ணா நகரில் பிசியோதெரபி. வாடகைக் கார் கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வண்டி வரும், பெரும்பாலும் தாழ்வான வண்டியாகத்தான் வரும்.

வீட்டுக்காரர் டாடா டியாகோ பக்கம். நான் முதலில் எந்தப் பக்கமும் இல்லை. மாருதி வேகன்ஆர் என்றால் எனக்கு மனதில் வந்ததெல்லாம் டாக்ஸிதான், நிற்க வைத்த பிஸ்கட் டப்பா மாதிரி ஒரு உருவம். அழகு பார்த்து எடுப்பதாக இருந்தால் டியாகோதான், அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. கடைசியில் எடுத்தது வேகன்ஆர், 1.2 லிட்டர் பெட்ரோல், கிளட்ச் பெடல் இல்லாமல் கியர் தானாக மாறுகிற ஏஎம்டி. ஏழு மாதம் ஓட்டியிருக்கிறேன். டியாகோவையும் ஷோரூமில் பத்து நிமிடம் ஓட்டிப்பார்த்துவிட்டு எழுதவில்லை. திண்டுக்கல்லில் இருக்கிற தம்பி டியாகோ வைத்திருக்கிறான். வேலை விஷயமாக அவன் டெல்லி போன 15 நாளும் அவன் வண்டி எங்கள் வாசலில்தான் நின்றது, நான்தான் ஓட்டினேன்.

விலையைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஒரே அளவு வசதிகளை எடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் வந்து நின்றன. ஆவணியிலேயே எடுத்திருக்க வேண்டியது. சின்ன கார்களுக்கு வரி குறையப்போகிறது என்று பேச்சு வந்ததும் வீட்டுக்காரர் கையை இழுத்துக்கொண்டார். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. 4 மீட்டருக்குள் நீளம், 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சின் என்பதுதான் கணக்கு. இரண்டு காருமே அதற்குள் அடங்கிவிடும் என்பதால் லாபமும் இரண்டுக்கும் பொது. தீபாவளிக் கூட்டம் ஓயட்டும் என்று இருந்து கார்த்திகையில் எடுத்தோம்.

எஞ்சினும் அப்படித்தான். இரண்டும் 1.2 லிட்டர். டியாகோவில் மூன்று சிலிண்டர், இந்த வேகன்ஆரில் நான்கு. சிக்னலில் நிற்கும்போது டியாகோ லேசாக அதிரும், வேகன்ஆர் கொஞ்சம் அமைதி. 1.0 லிட்டர் வேகன்ஆர் எடுத்தால் அதிலும் மூன்று சிலிண்டர்தான், அதனால் இதை மாருதியின் பெருமையாகச் சொல்ல முடியாது. ஏஎம்டி இரண்டிலும் கிடைக்கிறது. கியர் மாறும்போது தலை லேசாக முன்னால் போய் வரும். ஒரு வாரத்தில் கால் பழகிவிடும். பெரியார் பக்கம் ஒரு சாயங்காலம் ஓட்டினால் அந்தத் தலையாட்டலை மன்னித்துவிடுவீர்கள்.

சரி, உட்காருவதற்கு வருவோம்.

தம்பியின் டியாகோவில் அத்தையை முதல் நாள் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனேன். முழங்கால் மாற்றியவர்கள் காரில் ஏறுவதற்கு என்று ஒரு முறை இருக்கிறது. முன் சீட்டை முடிந்த மட்டும் பின்னால் தள்ளிவிட வேண்டும். காருக்கு முதுகைக் காட்டி நின்று, சீட்டின் விளிம்பு தொடையில் படும்வரை பின்னால் வந்து, மெதுவாக உட்கார்ந்து, அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். அத்தை எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தார். ஆனால் சீட் அவர் எதிர்பார்த்த இடத்தில் இல்லை, அதற்கும் கீழே இருந்தது. தலை இடிக்காமல் குனிந்து, இறங்கி இறங்கிப் போய், கடைசி நாலு விரற்கடையில் பிடி விட்டுப் பொத்தென்று உட்கார்ந்தார். ஏறியது பாதிக் கதைதான். அண்ணா நகர் போய்ச் சேர்ந்து எழுந்திருக்கப் பார்த்தால் முடியவில்லை. நான் ஒரு பக்கம், காவலாளி ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். நின்று, சேலைக் கொசுவத்தைச் சரி செய்துகொண்டு அத்தை சொன்னார்: "ஏம்மா, இது காரா கெணறா? எறங்கிட்டேன், ஏறத்தான் வழியக் காணோம்."

இது டியாகோவின் குறை இல்லை. அந்த மாதிரிக் கார்கள் எல்லாவற்றுக்கும் உட்காரும் இடம் தாழ்வுதான். டியாகோவின் மொத்த உயரம் 1,535 மில்லிமீட்டர், வேகன்ஆர் 1,675. ஐந்தரை அங்குல வித்தியாசம். கூரை உயர்ந்த அளவுக்கு வேகன்ஆரில் சீட்டையும் உயர்த்தி, நாற்காலியில் உட்காருகிற மாதிரி நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்துவிட்டால் எழுந்திருக்கும்போது உடம்பு பாரம் முழுவதும் தொடைச் சதையிலும் முழங்காலிலும் விழும். அறுவை முடிந்தவர்களைத் தாழ்வான சோபாவில் உட்கார வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். காருக்கும் அதே விதிதான், சோபாவுக்குச் சொல்கிற மாதிரி காருக்கு யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

தலையணை போட்டால் போச்சு என்றார் வீட்டுக்காரர். போட்டோம். உட்காரும்போது தலையணை முன்னால் வழுக்கிக்கொண்டு வந்தது. சீட் பெல்ட் வயிற்றுக்கு மேலே ஏறி நின்றது. பிரேக் அடித்தால் பெல்ட்டுக்கு அடியிலேயே ஆள் வழுக்கிவிடுவார் என்று தோன்றியது. இரண்டு நாளில் தலையணை கட்டிலுக்கே திரும்பிப் போனது.

ஊர் ரோடு இதில் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. எங்கள் தெருவில் ஓரம் மேடாகவும் ரோடு கொஞ்சம் பள்ளமாகவும் இருக்கும். ஆள் மேட்டில் நிற்கிறார், கார் பள்ளத்தில் நிற்கிறது. சீட் இன்னும் இரண்டு, மூன்று அங்குலம் இறங்கிவிட்ட மாதிரிதான். வழவழப்பான டைல்ஸ் தரையில் ஷோரூம்காரர் கதவைத் திறந்து காட்டும்போது இதெல்லாம் தெரியவே தெரியாது.

வேகன்ஆரைப் பார்க்கப் போனபோது அத்தையையும் கூட்டிப்போனோம். விற்பனைப் பையன் "யார் ஓட்டப் போறீங்க மேடம்?" என்று என்னைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தான், திரையைக் காட்டினான், பாட்டுப் போட்டான். வண்டியை வெளியே கொண்டுவந்து நடைபாதை ஓரமாக நிறுத்தச் சொன்னதற்கு அவனுக்குக் காரணம் புரியவில்லை. அத்தை வாக்கரை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றார், ஒரு அடி பின்னால் வைத்தார், உட்கார்ந்தார். திண்ணையில் உட்காருகிற மாதிரிதான். குனியவில்லை, பொத்தென்று விழவில்லை. கதவின் மேல் விளிம்புக்கும் அவர் கொண்டைக்கும் நடுவில் இடம் இருந்தது. எழுந்திருக்கும்போது ஒரு கையை மட்டும் டேஷ்போர்டில் ஊன்றிக்கொண்டார். என் கை தேவைப்படவில்லை. அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது, மீதியெல்லாம் வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்துவதற்காகச் செய்தது.

சமாதானம் என்று லேசாகச் சொல்லிவிட்டேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி: பாதுகாப்பு. இதை நான் மழுப்ப மாட்டேன், இந்த இடத்தில் டியாகோதான் மேல். கார்களை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிற அமைப்பு குளோபல் என்கேப். அதன் மோதல் சோதனையில் டியாகோ 2020-இல் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5-க்கு 4 நட்சத்திரம் வாங்கியது. வேகன்ஆர் 2023-இல் வாங்கியது 1. இரண்டும் ஒரே பரீட்சை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2022-இல் அவர்கள் விதிகளைக் கடுமையாக்கிவிட்டார்கள், டியாகோ எழுதியது பழைய வினாத்தாள். ஆனால் அதே பழைய வினாத்தாளை வேகன்ஆரும் 2019-இல் எழுதியிருக்கிறது, கிடைத்தது 2. ஆகவே ஒரே வினாத்தாளில் பார்த்தாலும் டியாகோவுக்கு 4, வேகன்ஆருக்கு 2தான். இப்போது வருகிற வேகன்ஆரில் ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் உண்டு, நான் படித்த சோதனை முடிவுகளெல்லாம் அதற்கு முந்தைய வண்டிகளுடையவை. ஏர்பேக் கூடியதால் நட்சத்திரமும் கூடிவிடும் என்று நானாகச் சொல்லிவிட முடியாது.

அப்புறம் ஏன் எடுத்தோம்? டியாகோ எங்களிடம் இருந்த இரண்டாவது வாரம் ஒரு வேலை செய்தேன். காலண்டர் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன், அத்தை ஏறினால் ஒரு கோடு, இறங்கினால் ஒரு கோடு. பிசியோதெரபி, கோவில், ரத்தப் பரிசோதனை, ஒரு நிச்சயதார்த்தம் எல்லாம் சேர்த்து 22 கோடு. அதே வாரத்தில் வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது ஒரே ஒரு தடவை, ரிங் ரோட்டில். மோதல் சோதனை நடப்பது 64 கிலோமீட்டர் வேகத்தில். பழங்காநத்தத்தில் நான் 30-ஐத் தொட்டாலே பெரிய விஷயம். ஊருக்குள் விபத்தே நடக்காது என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அன்றாடம் வருகிற ஆபத்து, பள்ளத்தில் நிற்கிற காரிலிருந்து எழுந்திருக்கும்போது அத்தை தடுமாறுவதுதான். புது முழங்காலோடு ஒரு தடவை விழுந்தால் மறுபடியும் ஆஸ்பத்திரிதான்.

உங்கள் வீட்டில் கோடு வேறு மாதிரி விழலாம். தினம் விருதுநகருக்கோ திண்டுக்கல்லுக்கோ நான்குவழிச் சாலையில் போய்வருகிறவராக இருந்தால் நானே டியாகோவைத்தான் சொல்வேன். அந்தக் கார் வேகத்தில் தரையைப் பிடித்துக்கொண்டு போகும். ஸ்டியரிங்கில் ஒரு கனம் இருக்கும், கதவைச் சாத்தினால் "தொம்" என்று கேட்கும். வேகன்ஆர் அதைவிட நூறு கிலோவுக்கு மேல் எடை குறைவு, உயரமும் அதிகம். எதிர்க்காற்றில் ஒன்றும் தெரியாது, பக்கவாட்டுக் காற்றில் தெரியும். ஆனி மாதம் தேனிக்குப் போனபோது, உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாயில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினேன். லாரி ஒட்டிக் கடக்கும்போதும் லேசாக ஒரு தள்ளு இருக்கும். 70-க்கு இறக்கிவிட்டால் பிரச்சினையில்லை, ஆனால் தினமும் அப்படி ஓட்ட யாருக்குப் பொறுமை இருக்கும்? டியாகோவின் சீட்டும் உடம்பை நன்றாக அணைத்துக்கொள்ளும். வேகன்ஆர் சீட் தட்டை, ராஜபாளையம் போய் இறங்கினால் இடுப்பு ஞாபகப்படுத்தும்.

டிக்கி 341 லிட்டர், டியாகோவில் 242. வாக்கரை மடக்கி நிமிர்த்தியே வைத்துவிடலாம், பக்கத்தில் இரண்டு கட்டைப்பை காய்கறியும் போகும். சிஎன்ஜி, அதாவது இயற்கை எரிவாயுவில் ஓடுகிற வண்டி எடுத்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். வேகன்ஆரில் கேஸ் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ளும். டியாகோவில் இரண்டு சின்ன சிலிண்டராகப் பிரித்துத் தரையோடு பதித்திருக்கிறார்கள், அந்த யோசனை நிஜமாகவே நல்ல யோசனை. மைலேஜில் வேகன்ஆர் சிஎன்ஜிதான் முன்னால் நிற்கிறது, கிலோவுக்கு 34 கிலோமீட்டர் என்பது கம்பெனி கணக்கு. நான் ஓட்டுகிற தூரத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கிற சுமார் 90,000 ரூபாய் திரும்பி வர வருடக்கணக்காகும் என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. என் பெட்ரோல் வண்டி ஊருக்குள் லிட்டருக்கு 15, ஏசி இல்லாத மார்கழிக் காலையில் 17. கம்பெனி சொல்கிற 24, 25-ஐ நான் இதுவரை பார்த்ததில்லை, டியாகோவில் எனக்கு 14 வந்தது.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. வேகன்ஆரில் கண்ணாடி பெரிது. ஓட்டுகிறவருக்கு நாலு பக்கமும் தெரியும், சிம்மக்கல் சந்துகளில் அது பெரிய உதவி. சித்திரையில் மூன்று மணி நேரம் வெளியில் நிறுத்திவிட்டு வந்தால் அதே கண்ணாடிக்குப் பலன் வேறு, ஸ்டியரிங்கைத் தொடத் துண்டு வேண்டும். வெள்ளை நிறமே எடுத்தோம்.

பராமரிப்பு பற்றி நான் பெரிதாகச் சொல்ல முடியாது. இலவச சர்வீஸ்தான் இதுவரை ஆகியிருக்கிறது. வேகன்ஆர் 1999-லிருந்து ஓடுகிற பெயர், எங்கள் பக்கத்தில் எந்த மெக்கானிக்கிடம் போனாலும் கைபோன போக்கில் பிரித்து மாட்டுவார் என்கிறார்கள். மறுவிற்பனையிலும் மாருதிக்கு நல்ல விலை நிற்கும் என்பது ஊரறிந்த பேச்சு. நான் விற்றுப் பார்த்ததில்லை. தம்பி தன் டியாகோவை ஐந்து வருடமாகப் பெரிய செலவு இல்லாமல்தான் ஓட்டுகிறான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பொங்கலுக்கு அவன் வந்திருந்தான். எல்லோரும் அழகர்கோவில் போவதாக ஏற்பாடு, இரண்டு காரும் வாசலில் வரிசையாக நின்றன. அவன் மரியாதைக்காக முன் கதவைத் திறந்து, "அத்தை, நம்ம வண்டியில வாங்க" என்றான். அத்தை அந்தச் சீட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "நீ முன்னாடி போப்பா, நான் திண்ணையிலயே வர்றேன்" என்று வேகன்ஆர் பக்கம் வாக்கரைத் திருப்பினார்.