ஏ9 ஓரத் தேநீர்க்கடையில் விடியப்புற அரையிறுதி

கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதியில், மாங்குளம் சந்தியிலிருந்து சற்று வடக்கே, யாழ்ப்பாணம் போகும் இரவுப் பேருந்துகளை நம்பி விடிய விடியத் திறந்திருக்கும் ஒரு தேநீர்க்கடை உள்ளது. பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரையும் ஆறு வாங்குகளும் ஒரு கண்ணாடிப் பெட்டியும் சுவரில் ஓரளவு பெரிய தொலைக்காட்சியொன்றுமே கடையின் முழுச் சொத்து. மார்ச் நடுவிலிருந்து சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரம் வரையில் அந்தத் தொலைக்காட்சியில் துடுப்பாட்டம் ஓடுவதில்லை. அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிதான் ஓடுகிறது. 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் ஐந்து தடவை அங்கே போயிருந்து பார்த்தவன் என்ற முறையில், போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கரப்பந்தாட்டமும் உதைபந்தாட்டமும் கோலோச்சும் வன்னியில் இப்படியொரு கடை எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை, யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றில் கூடைப்பந்தாடிய அதன் முதலாளிதான். இணையச் சேவையொன்றின் சந்தாவைத் தன் செலவிலேயே கட்டுகிறார். உள்ளே வர நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு விதி உண்டு. முதல் நாள் நான் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தபோது அருகில் வந்து, "தம்பி, அரைக்கு ஒரு ரீ எண்டாப் போதும், வேற ஒண்டும் கேக்க மாட்டன்" என்றார். ஆண்களின் கல்லூரி ஆட்டம் இருபது நிமிடங்கள் கொண்ட இரண்டு அரைகளாக நடப்பதால் இந்தக் கணக்கு எவருடைய பையையும் கடிப்பதில்லை. பெண்களின் ஆட்டம் 2015-16 பருவத்திலிருந்து நான்கு கால்பகுதிகளாக மாறிவிட்டதை நான் நினைவூட்டியபோது அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினாரே தவிர, விதியைத் திருத்துவதாகச் சொல்லவில்லை.

2025இல் இந்தச் சுற்றுப்போட்டியில் 68 அணிகள் ஆடின. தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நமது கழகங்கள் நடத்தும் விலகல் முறைச் சுற்றுப்போட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆயினும், பிஸ்கற் பெட்டி மட்டையில் முதலாளி கையால் கோடிழுத்து ஒட்டியுள்ள அட்டவணை பெரிய உதவியாக இருந்தது. முன்னோடி ஆட்டங்களில் நான்கு அணிகள் கழிய எஞ்சும் 64 அணிகளுக்கான நான்கு பிராந்தியங்கள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரையான தரவரிசை, யாரை யார் சந்திக்கக்கூடும் என்ற கோடுகள் என அனைத்தும் அதில் உள்ளன. பதினாறாம் தரவரிசை அணியொன்று முதலாம் தரவரிசை அணியை வீழ்த்தினால் கடையில் இருக்கும் எல்லோருக்கும் வடை இலவசம் என்று அதன் அடியில் எழுதியிருக்கிறார். தாராள மனம் போலத் தோன்றும். ஆனால் ஆண்கள் சுற்றுப்போட்டியில் அப்படி நடந்தது இரண்டே தடவைதான். 2018இல் வேர்ஜீனியாவை பால்டிமோர் கவுண்டியிலுள்ள மேரிலண்ட் பல்கலைக்கழகக் கிளை 74-54 என வென்றது, 2023இல் பேர்டியூவை ஃபெயார்லி டிக்கின்சன் 63-58 என வென்றது. 2025இலோ முதலாம் தரவரிசை பெற்ற நான்கு அணிகளுமே அரையிறுதிக்கு வந்துவிட்டன; 2008க்குப் பின் அவ்வாறு நடந்தது அதுவே முதற்றடவை. முதலாளிக்கு ஒரு வடைகூடச் செலவாகவில்லை.

நேரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆட்ட நேரங்களை அறிவிக்கும் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் அந்த மாதங்களில் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பிந்தியது. ஆகவே சனிக்கிழமை மாலை சான் அன்ரோனியோவில் நடந்த இரண்டு அரையிறுதிகளும் இங்கே ஏப்ரல் 6, ஞாயிறு அதிகாலை மூன்றரை மணி தாண்டியும், பின்னர் ஆறேகால் மணிக்குப் பிறகும் தொடங்கின. நான் இக்கடையைப் பரிந்துரைப்பது முதன்மையாக அந்த ஒரு விடியலுக்காகத்தான். முதல் ஆட்டத்தில் புளோரிடா 79-73 என ஓபேர்னை வென்றது. அதன் வீரர் வோல்ற்றர் கிளேற்றன் தனியொருவராக 34 புள்ளிகள் எடுத்தார். ஒரு பேருந்து வந்து நின்று, தூக்கக் கலக்கத்தோடு இறங்கிய பயணிகள் தேநீரைக் கையில் ஏந்தியபடி திரையைப் பார்த்து நின்றுவிட, நடத்துநர் மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. இரண்டாவது ஆட்டத்தில் எட்டு நிமிடமளவே எஞ்சியிருக்க டியூக் 14 புள்ளிகள் முன்னே நின்றது. முன்வாங்கில் இருந்த இருவர் எழுந்து போய்விட்டார்கள். ஹூஸ்ரன் 70-67 என வென்ற செய்தியை அவர்கள் எங்கே கேட்டார்களோ தெரியாது.

உணவைப் பொறுத்தவரை, பருப்பு வடைக்காகவே போகலாம். அதிகாலையில் இறக்கும் முதல் சட்டி வடை, செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் பெருஞ்சீரகமும் தூக்கலாக, ஓரம் முறுகி நடு மெத்தென்று இருக்கும். இதில் ஒரு நுட்பமும் உண்டு. கல்லூரி ஆட்டங்களில் ஒவ்வொரு அரையிலும் கடிகாரம் 16, 12, 8, 4 நிமிடங்களைக் கடந்தபின் வரும் முதல் நிறுத்தத்தின்போது விளம்பர இடைவேளை விடுவார்கள். நாற்பது நிமிட ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம். அடுப்படியில் நிற்கும் பெடியன் இந்தக் கணக்கை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, ஊதல் கேட்டதும் அடுத்த சட்டியைப் போடுகிறான். இஞ்சித் தேநீர் நன்று. பால் தேநீரில் சீனி மிக அதிகம், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கண்ணாடிப் பெட்டியிலுள்ள ரோல்ஸ் முதல்நாள் மாலையில் வந்தவை, அவற்றைத் தொடாதீர்கள். ஆறு மணிக்கு மேல் இடியப்பமும் சம்பலும் சொதியும் வரும், சொதி தண்ணீராக இருந்தாலும் சம்பல் அதை ஈடுசெய்துவிடுகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. தொலைக்காட்சி கிழக்கு வாசலுக்கு நேரெதிரே மாட்டப்பட்டிருப்பதால், வெயில் ஏறியதும் திரையில் பாதி வெண்மையாகிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை காலை நடந்த இறுதியாட்டத்தின் இரண்டாவது அரை முழுவதையும் கையைப் புருவத்துக்குக் குடையாக வைத்துக்கொண்டே பார்த்தேன். ஓர் உரப்பை கட்டித் தொங்கவிட்டாலே போதுமென்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. அந்த ஆட்டத்தில் ஒரு கட்டத்தில் 12 புள்ளிகள் பின்தங்கியிருந்த புளோரிடா கடைசியில் 65-63 என வென்றது. கிளேற்றன் முதல் அரையில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆனால் கடைசி வினாடிகளில் ஹூஸ்ரன் வீரர் எறிவதற்காக எழும்பியபோது பாய்ந்து மறித்தவர் அவரே. எறிய முடியாமல் பந்தைக் கீழே விட்ட அந்த வீரர், மீண்டும் தொட்டால் விதிமீறலாகிவிடும் என்பதால் துள்ளும் பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தக் காட்சிக்கு நடுவிலும் இணையம் ஒருகணம் உறைந்தது. கடையில் எழுந்த கூச்சலை அடுத்த பேருந்திலிருந்தவர்களும் கேட்டிருப்பார்கள். அன்று ஆட்டம் முடிய எட்டரை மணி தாண்டிவிட்டதால், அரைநாள் லீவு எடுத்திருக்காவிட்டால் பாடசாலைக்கு நான் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

இரண்டு தேநீர், நான்கு வடை, ஒரு தட்டு இடியப்பம் எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாவுக்குச் சற்று மேலே வந்தது. இந்த விலை நியாயமானதே. கழிப்பறை கடைக்குப் பின்னால் உள்ளது, விளக்கில்லை, கைபேசி வெளிச்சம் வேண்டும். ஒட்டுசுட்டான் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வருவோர் இருளில் யானையை மனதில் வைத்து, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வருவது நல்லது. 2026இன் இறுதிக் கட்டம் இண்டியானாபொலிஸில் ஏப்ரல் 4ஆம், 6ஆம் திகதிகளுக்குக் குறிக்கப்பட்டது. நமக்கு அது ஞாயிறு விடியலும் செவ்வாய்க் காலையுமாகும். போனால் இடப்பக்கச் சுவரோடு கிடக்கும் வாங்கைப் பிடியுங்கள், வெயில் அங்கே கடைசியாகத்தான் வந்து சேரும்.