புல் குடிக்கும் தண்ணீர் வீணா? செயற்கைப் புல், சிமென்ட், புல்தரை, மரம்: ஓர் ஒப்பீடு

பூங்காவோ பள்ளி மைதானமோ வீட்டு முற்றமோ, புல்லைப் பெயர்த்தெடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் விரிப்பு அல்லது பேவர் பிளாக் போடுகிறவர்கள் முதலில் சொல்லும் காரணம் தண்ணீர்தான். புல்லுக்கு ஊற்றி மாளவில்லை, செயற்கைப் புல்லுக்குச் சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்கிறார்கள். புல் குடித்த தண்ணீர் எங்கே போகிறது என்று அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. எனக்கோ இந்த ஒப்பீட்டில் முக்கியமாகப் படுவது அந்தக் கேள்விதான்.

வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பகுதி இலைத்துளைகள் வழியே ஆவியாகிவிடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2.45 மெகாஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரக் கணக்கில் இது சுமார் 0.68 யூனிட். இந்த வெப்பம் இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும்தான் எடுக்கப்படுகிறது. ஒரு பெரிய மரம் ஒரு நாளில் 100 லிட்டரை ஆவியாக்கினால், 68 யூனிட் வெப்பம் தெருவைச் சுடாமல் நீராவியோடு மேலே போய்விடுகிறது. அதே இடத்தில் பிளாஸ்டிக்கை விரித்தால் தண்ணீர் மிச்சமாகும். ஆனால் அந்த வெப்பம் அங்கேயே தங்கிவிடும்.

எவ்வளவு தங்கும் என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2002-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பிரிகாம் யங் பல்கலைக்கழக மைதானத்தில் காலை 7 முதல் மாலை 7 வரை மேற்பரப்பு வெப்பநிலையை எடுத்தார்கள். சராசரியாக இயற்கைப் புல் 26 டிகிரி செல்சியஸ், சிமென்ட் தளம் 34, தார் 43, செயற்கைப் புல் 47. கறுப்புத் தாரைவிடப் பச்சைப் பிளாஸ்டிக் அதிகம் சுட்டிருக்கிறது! காற்று 37 டிகிரியாக இருந்த ஒரு நாளில் விரிப்பின் மேற்பரப்பு 93 டிகிரியைத் தொட்டது. தண்ணீர் பாய்ச்சிக் குளிர்விக்கவும் பார்த்தார்கள். 79 டிகிரியிலிருந்து 29-க்கு இறங்கிய தரை, ஐந்தே நிமிடத்தில் 49-க்கும் இருபது நிமிடத்தில் 73-க்கும் ஏறிவிட்டது. தண்ணீரே வேண்டாம் என்று போட்ட தளத்தில் ஆட்டம் தொடங்குமுன் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கிறது. பிடித்து வைத்துக்கொள்ள மண் இல்லாததால் அதுவும் நிற்பதில்லை.

சிமென்ட் வேறு விதமாகத் தொல்லை தரும். பகலில் அது விரிப்பு அளவுக்குச் சுடாது. ஆனால் கனமான பொருள் என்பதால் வாங்கிய வெப்பத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு சூரியன் சாய்ந்த பிறகு மெல்ல மெல்ல வெளியே விடும். நகரத்து இரவுகள் புழுங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். பிளாஸ்டிக் இரவில் சீக்கிரம் ஆறிவிடும். எனவே இரவு வெக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் சிமென்ட்தான் மோசம். பகலில் குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடமென்றால் விரிப்புதான் மோசம்.

மழைக்கணக்கு எளிது. 100 சதுர மீட்டர் இடத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். சிமென்ட் பூசிய தரையில் இதில் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே சாக்கடைக்கு ஓடும். சமதளத்தில், இளகிய மண்ணில் வளர்ந்த புல்தரையில் பெரும்பகுதி உள்ளே இறங்கும். செயற்கைப் புல்லில் வடிகால் துளைகள் உண்டுதான். ஆனால் அடியிலுள்ள மண்ணை இறுக்கி, மேலே ஜல்லி பரப்பித்தான் விரிப்பைப் போடுகிறார்கள். துளை வழியே இறங்கும் நீர் மண்ணுக்குள் போவதற்குப் பதில் குழாய்க்குப் போவதே அதிகம். உதிர்ந்த இலை மண்ணைச் சேராததால் மண்புழுவுக்கும் உணவில்லை.

விரிப்பு நம் காலடியிலேயே கிடந்துவிடுவதும் இல்லை. முழு அளவு கால்பந்து மைதானம் ஒன்றில் இழைகளுக்கிடையே சுமார் 100 டன் டயர் தூள் கொட்டப்படுகிறது. காலணியிலும் மழைநீரிலும் காற்றிலும் அது வெளியேறிக்கொண்டே இருக்கும். விளையாட்டு மைதானங்களிலிருந்து இப்படி ஐரோப்பாவில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 16,000 டன் நுண்பிளாஸ்டிக் சுற்றுச்சூழலில் கலப்பதாக ஐரோப்பிய வேதிப்பொருள் முகமை மதிப்பிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் விதி கொண்டுவந்து, இத்தகைய தூள் விற்பனைக்கு 2031 அக்டோபரிலிருந்து தடை விதித்திருக்கிறது. டயர் ரப்பரில் விரிசல் விழாமலிருக்கச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் ஓசோனுடன் சேர்ந்து நச்சாக மாறுவதும், அமெரிக்க ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் செத்ததற்கு அதுவே காரணம் என்பதும் 2020-ல் தெரியவந்தன. அது சாலையிலிருந்து வழிந்த நீரில் கண்டது. அதே டயரைத்தான் அரைத்து மைதானத்தில் தூவுகிறார்கள். பத்து ஆண்டு வாக்கில் விரிப்பைச் சுருட்டி எடுக்கும்போது இழை ஒரு பிளாஸ்டிக், அடித்துணி இன்னொன்று, நடுவே பசை, மணல், ரப்பர். இவற்றைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம் என்பதால் பெரும்பாலும் குப்பைமேட்டுக்கோ எரியுலைக்கோ போகிறது.

இதற்காகப் புல்தரையை நான் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். ஒரே வகைப் புல்லை ஒட்ட வெட்டி, உரம் போட்டு, வறண்ட நிலத்தில் நன்னீரைக் கொட்டி வளர்ப்பதும் செலவுதான். தழைச்சத்து உரம் மிஞ்சினால் மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு எழும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். பெட்ரோலில் ஓடும் புல்வெட்டி அதன் பங்குக்குப் புகை விடும். நாள் முழுக்க ஓய்வில்லாமல் ஆடும் மைதானத்தில் புல் தேய்ந்து மண்ணாகிவிடும் என்பதும் உண்மை. விரிப்புக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் வலுவான வாதம் அதுதான். ஆனால் யாரும் ஆடாத, அழகுக்கு மட்டும் கிடக்கும் புல்லுக்கு அந்த வாதம் பொருந்தாது. தண்ணீர் இல்லையென்றால் அங்கே வைக்க வேண்டியது வறட்சி தாங்கும் தரைப்படர் செடியும் நிழல் மரமும்.

நான்கில் மரத்தையே நான் முதலில் வைக்கிறேன். ஈரக்காற்று நிறைந்து, இலை நீர் ஆவியாவது மந்தப்படும் நாட்களிலும் அதன் நிழல் வேலை செய்யும். வெயில் தரையைத் தொடுவதற்கு முன்பே இலை அதைத் தடுத்துவிடுகிறதே! அதனால்தான், ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்று நடுகிறோம் என்ற சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 10 மீட்டர் விரிந்த ஒரு மரக்குடை ஏறத்தாழ 78 சதுர மீட்டருக்கு நிழல் தருகிறது. அரை மீட்டர் விரிந்த பத்துக் கன்றுகள் சேர்ந்து தருவது 2 சதுர மீட்டர்தான். அந்த இடைவெளி நிரம்ப எத்தனையோ ஆண்டு பிடிக்கும், அதுவும் எல்லாக் கன்றுகளும் பிழைத்தால்.

நடக்கவும் சக்கர நாற்காலி உருளவும் வண்டி நிறுத்தவும் கெட்டியான தளம் தேவைதான். அது தேவைப்படும் அகலத்துக்கு மட்டும் இருக்கட்டும். வண்டி நிற்கும் இடத்தில் நடுவே புல் வளரும் துளைக்கற்களைப் பதிக்கலாம். மரத்தடியில் தூர் வரை ஏற்கெனவே சிமென்ட் பூசியிருந்தால், புதிதாகக் கன்று வாங்குவதற்கு முன் அதை உடைத்தெடுங்கள். வேருக்கும் மூச்சுக்காற்று வேண்டும்.