திருச்சியில் பல் எக்ஸ்ரே: படத்தைப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்

லண்டனில் அரசு மருத்துவத்தில் பல் டாக்டர் கிடைப்பது பெரும்பாடு. அதனால் கீழ்க் கடவாய்ப் பல் வலியைத் திருச்சிக்குப் போனபோது பார்த்துக்கொண்டேன்.

முதலில் போன இடத்தில் வாயைத் திறந்து பார்த்த கையோடு, இரண்டு பல்லுக்கு ரூட் கேனல் (வேருக்குள் சுத்தம் செய்து அடைப்பது), இரண்டுக்கும் மேலே மாட்டும் கேப் என்று தொகையை எழுதி நீட்டினார்கள். எக்ஸ்ரே கேட்டேன். "அதெல்லாம் ஆரம்பிச்சப்புறம் எடுத்துக்கலாம்" என்றார்கள். மனசு ஒப்பவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

தில்லைநகரில் இன்னொரு டாக்டரம்மா முதல் வேலையாக எக்ஸ்ரேதான் எடுத்தார். "மெதுவா கடிச்சுக்கங்க சார், மூக்கால மூச்சு விடுங்க" என்று பிளாஸ்டிக் உறை போட்ட, ஒயர் வைத்த சின்னத் தகட்டைப் பல்லுக்குப் பின்னால் வைத்தார். ஆர்விஜி என்கிறார்கள். சில நொடியில் திரையில் படம் வந்துவிட்டது. ஒரு பல்லின் வேர் நுனியில் கறுப்பாக வட்டம். அங்கே எலும்பு கரைந்திருக்கிறது. பக்கத்துப் பல்லில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் அவர் படத்தை மட்டும் நம்பவில்லை. எலும்பு கணிசமாகக் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும் என்று சொல்லி, குளிர் மருந்து நனைத்த பஞ்சை அந்தப் பக்கத்துப் பல்லில் வைத்தார். சுரீரென்று கூசி உடனே அடங்கியது. "உயிர் இருக்கு சார், அடைச்சாப் போதும்." ஒரு ரூட் கேனலும் ஒரு கேப்பும் அந்த இடத்திலேயே மிச்சம்.

ரூட் கேனல் நடக்கும்போது வேரின் நீளம் பார்க்க ஒரு படம், அடைத்து முடித்ததும் ஒரு படம். இத்தனையா என்று பயப்பட வேண்டாம். இந்தச் சின்னப் படம் ஒன்றின் கதிர்வீச்சு, இயற்கையாக ஒரு நாளில் நம் உடம்பில் படுவதை ஒட்டியதுதான். ஈயக் கவசம் போடவில்லையே என்றும் பதறாதீர்கள். அது தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமே 2024-இல் சொல்லிவிட்டது. மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள், அதுதான் முக்கியம். தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் வேறு கதை, கதிர்வீச்சு பல மடங்கு. எலும்பில் செயற்கைப் பல் பொருத்தும் இம்பிளான்ட்டுக்கு, சிக்கலான ஞானப்பல்லுக்குக் கேட்டால் நியாயம். சாதாரணச் சொத்தைக்கு எழுதிக் கொடுத்தால் காரணம் கேட்காமல் போகாதீர்கள்.

கிளம்பும்போது, திரையை போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக ரிசப்ஷனில் சொன்னார்கள். அசல் கோப்புகளையே மெயிலில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். ஒரு வருஷம் கழித்து லண்டனில் படம் எடுக்கும்போது, அந்தக் கறுப்பு வட்டம் சுருங்கியிருக்கிறதா என்று ஒப்பிட இவைதான் வேண்டும்.