உயிருடன் இருப்பவர் தரும் சிறுநீரகமா, இறந்தவரிடமிருந்து பெறுவதா?

சிறுநீரக மாற்று அறுவையில், உயிருடன் இருப்பவர் தரும் சிறுநீரகம் சராசரியாக 15 முதல் 20 ஆண்டுகளும், இறந்தவரிடமிருந்து பெறப்படுவது ஏறத்தாழ 10 முதல் 15 ஆண்டுகளும் செயல்படுகின்றன. இவ்வேறுபாட்டுக்கு இரத்த உறவே காரணம் என்று பலர் கருதினாலும், கணவனோ மனைவியோ தரும் சிறுநீரகமும் நன்றாகவே இயங்குவதால், கொடையாளியின் உடல்நலத்துக்கும், உறுப்பு இரத்த ஓட்டமின்றிக் குளிரில் கழிக்கும் நேரத்துக்கும் பெரும்பங்கு உண்டு எனலாம். உயிருடன் இருப்பவர் தரும்போது அந்த நேரம் பெரும்பாலும் சில மணிக்குள் முடிந்துவிடும். இறந்தவரிடமிருந்து பெறும்போது அது 24 மணி நேரத்தைக்கூடத் தொடக்கூடும் என்பதால், அறுவை முடிந்த முதல் வாரத்தில் மீண்டும் டயாலிசிஸ் தேவைப்படும் வாய்ப்பு மிகுதி. உயிருள்ள கொடையாளி அமைந்தால் டயாலிசிஸ் தொடங்குமுன்பே அறுவையைத் திட்டமிடலாம். ஆனால் நலமாக இருக்கும் ஒருவரும் அறுவையின் ஆபத்தை ஏற்க வேண்டியிருக்கிறது. புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளை வேளை தவறாமல் உட்கொள்வதில் மட்டும் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.