உப்புவெளியின் பிளாஸ்டிக் சிற்பப் பட்டறை: வகுப்பும் விற்பனைக் கூடமும்

திருகோணமலையை அடுத்த உப்புவெளியில், நிலாவெளி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், கழிவுப் பிளாஸ்டிக்கில் சிற்பம் செய்யும் சிறிய பட்டறை இயங்கி வருகிறது. முன்பகுதி விற்பனைக் கூடம். பின்னாலுள்ள தகரக் கொட்டகையில் ஒருநாள் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். பயிற்சிக்கு ஒருவருக்கு 3,500 ரூபாய், மதியச் சாப்பாடும் அதற்குள் அடக்கம். வகுப்பிலும் இருந்து, கூடத்திலும் பொருள் வாங்கியவன் என்ற முறையில் சொல்வதானால், கற்பிப்பது முதல்தரம். விற்பனைக்கு வைத்திருப்பவற்றில் ஒரு பாதியைத் தயங்காமல் வாங்கலாம், மறுபாதியை வாங்கவே கூடாது. எந்தப் பாதி எது என்பதைப் பின்கொட்டகையில் அவர்களே சொல்லித் தந்துவிடுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

முற்பகல் முழுவதும் தரம் பிரிப்பதிலேயே கழிகிறது. சிற்பம் செய்யும் ஆவலுடன் வருபவர்களுக்கு இது சலிப்பூட்டலாம் என்றாலும், இந்த வகுப்பின் உயிரே அங்கேதான் இருக்கிறது. விடுதிகளிலிருந்தும் கரைவலை இழுப்பவர்களிடமிருந்தும் வந்து சேர்ந்த மூட்டைகளைப் படங்கில் கொட்டி, ஒவ்வொன்றிலும் முக்கோணத்துக்குள் பொறித்திருக்கும், பிளாஸ்டிக்கின் வகையைக் குறிக்கும் இலக்கத்தைத் தேடச் சொல்கிறார்கள். தண்ணீர்ப் போத்தல் 1; ஷாம்பு போத்தலும் எண்ணெய்க் கானும் பெரும்பாலும் 2; நீர்க்குழாய்த் துண்டு 3; போத்தல் மூடிகளில் சில 2, சில 5. இலக்கம் தேய்ந்துபோனவற்றுக்காக ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். 2உம் 5உம் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தவை ஆதலால் மிதக்கின்றன. 1உம் 3உம் அமிழ்ந்துவிடுகின்றன. சூடாக்கினால் ஐதரசன் குளோரைட்டு என்னும் நச்சு வாயுவை வெளியிடக்கூடிய 3ஐ அடுப்புப் பக்கமே கொண்டுபோக விடுவதில்லை. அது தனிச் சாக்கில் கட்டப்பட்டு வெளியே போகிறது.

மிதப்பவை இரண்டையும் ஒன்றாகவே உருக்கினால் என்ன என்று நான் கேட்டபோது, பட்டறையை நடத்தும் அம்மா, “ரெண்டையும் அஞ்சையும் ஒண்டாப் போடாதேங்கோ தம்பி, ஆறினதும் ஏடு ஏடாய்க் கழண்டு வரும்” என்று சொல்லி, அப்படிக் கலந்து வார்த்த பலகைத் துண்டொன்றைக் கையில் தந்தார். வெளிப்பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. விளிம்பில் நகத்தை வைத்து நெம்பியதும் வெங்காயத் தோல் போல ஒரு படை உரிந்து வந்தது. 2 ஏறத்தாழ 130 பாகை செல்சியசிலேயே உருகிவிடும், 5க்கு 160 பாகையளவு வேண்டும் என்பதோடு, உருகிய நிலையிலும் இவை ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பதை அந்தத் துண்டு ஒரு நொடியில் விளக்கிவிட்டது.

பிற்பகலில் உருக்கும் வேலை. நெதர்லாந்தைச் சேர்ந்த டேவ் ஹக்கன்ஸ் 2013இல் தொடங்கிய ‘பிரெஷஸ் பிளாஸ்டிக்’ திட்டம் இலவசமாக வெளியிட்ட வரைபடத்தைப் பார்த்து, உள்ளூர் வெல்டிங் கடைக்காரர் ஒருவர் கட்டிக் கொடுத்த அரைக்கும் இயந்திரம் மூடிகளைத் துருவலாக்குகிறது. சமையலுக்குப் பயன்படுத்தாத மின் அவனில் அது களியாக இளகியதும், அச்சில் அழுத்தி, முற்றாக ஆறும்வரை இடுக்கியில் இறுக்கி வைக்க வேண்டும். இடையில் கழற்றினால் பலகை சுருங்கி வளைந்துவிடும். தண்ணீர்ப் போத்தல்களை மட்டும் உருக்குவதில்லை, அதற்கு 250 பாகைக்கு மேல் சூடு வேண்டும். அவற்றை நாடாவாகவும் இதழாகவும் வெட்டிச் சூடான காற்றைக் காட்டுகிறார்கள். தயாரிக்கும்போதே இழுத்து ஊதப்பட்ட பிளாஸ்டிக் ஆதலால், சூடு பட்டவுடன் பழைய அளவுக்குத் திரும்ப முயன்று சுருண்டுகொள்கிறது. மீன் செட்டையின் வளைவு இப்படித்தான் கிடைக்கிறது. சூட்டை அரை விநாடி கூடுதலாகக் காட்டினாலும் செட்டை வெளிறிக் கட்டியாகிவிடும்.

இனி விற்பனைக் கூடத்துக்கு வருவோம். 2ஆம் இலக்கப் பிளாஸ்டிக்கில் பசையும் ஒட்டாது, வண்ணப்பூச்சும் நிற்காது என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அதனாலேயே பயிற்சியாளர்கள் எல்லாவற்றையும் துளையிட்டுக் கம்பியாலும் பழைய தங்கூசி நைலோன் இழையாலும் தைக்கிறார்கள். அந்த முறையில் செய்யப்பட்ட கடலாமை ஒன்றை நான் வாங்கினேன். அதன் ஓடு, பிளாஸ்டிக் இடியப்பத் தட்டுகளை வெட்டி இணைத்தது. 2023 ஒக்டோபரில் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இந்தத் தட்டுகளும் இருந்ததால், பாவித்தவற்றை வீடுகளிலிருந்து கொண்டுவந்து கொடுக்கிறார்களாம். தட்டின் துளைகள் ஓட்டின் புள்ளிகளாகவும், வெளிறிய பச்சை பாசியின் நிறமாகவும் அமைந்துவிட, பூச்சு எதுவும் தேவைப்படவில்லை. 6,000 ரூபாய்க்கு நியாயமான வேலை. ஆனால் வாசலுக்கு அருகில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று அடுக்கியிருக்கும் மயில்களும் கோணேசர் கோயில் கோபுர மாதிரிகளும் பொன்னிறமும் நீலமும் பூசி, சூடான பசையால் ஒட்டப்பட்டவை. நான் வாங்கிய மயிலின் கழுத்து நீலம், வீட்டில் ஈரத்துணியால் துடைத்தபோதே செதிலாக உரிந்தது. தாங்கள் கற்பிக்கும் பாடத்தையே மீறிச் செய்த பொருளை 4,500 ரூபாய்க்கு விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மாற்றித் தருவதற்கு மறுக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெயிலைப் பற்றிய எச்சரிக்கையும் எங்கும் எழுதப்படவில்லை. பாதுகாப்புச் சேர்மானம் இல்லாத பிளாஸ்டிக், அதிலும் 5ஆம் இலக்கம், புற ஊதாக் கதிரில் சுண்ணாம்பு போலப் பொடிந்து உதிரும். திருகோணமலை வெயிலில் முற்றத்தில் வைத்த சிற்பம், எந்தக் கழிவைக் கடலுக்குப் போகாமல் தடுக்கச் செய்யப்பட்டதோ, அதையே துகளாக்கி மண்ணில் சேர்க்கும். கரி சேர்த்த கறுப்புப் பிளாஸ்டிக் ஓரளவு தாக்குப்பிடிக்கும். மற்றவற்றை வீட்டுக்குள்ளேயே வைப்பது நல்லது. இதே காரணத்தால், துருவல் கழுவிய தண்ணீரை வடிக்காமல் ஒழுங்கை மணலில் ஊற்றுவதும் என் கண்ணை உறுத்தியது. வாயில் வேட்டித் துணி கட்டிய ஒரு வாளி வைத்தால் போதும். வகுப்பு முடிவில் இதைச் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள்.

போவதாக இருந்தால் முதல்நாளே தொலைபேசியில் இடம் பதிந்துகொள்ளுங்கள். கொட்டகையில் எட்டுப் பேருக்கு மேல் அமர முடியாது. பிள்ளைகளுக்குப் போத்தல் வெட்டும் வேலை வரை தருகிறார்கள், மின் அடுப்புப் பக்கம் விடுவதில்லை. முகக்கவசம் தருகிறார்கள் என்றாலும் அது மெல்லியது. வீட்டிலிருந்து தரமானதொன்றைக் கொண்டுபோவது உத்தமம். கூடத்தில் எதையும் வாங்குமுன் திருப்பிப் பாருங்கள்: கம்பித் தையல் தெரிந்தால் வாங்கலாம், பசைத் துளி தெரிந்தால் அதே இடத்தில் வைத்துவிடலாம்.