ஃபொண்டாங்கா ஆற்றங்கரையில் கம்பமில்லாத சர்க்கஸ்

கோலாலம்பூரின் செந்தூலில் வளர்ந்த என் அம்மாவுக்குச் சர்க்கஸ் என்றால் திடலில் அடிக்கும் கூடாரம்தான். சிறு வயதில் பார்த்த ஒரே ஆட்டத்தில் பாதியைக் கூடாரக் கம்பம் மறைத்துவிட்டதாக இன்றும் குறைபட்டுக்கொள்வார். ஆகவே, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஃபொண்டாங்கா ஆற்றங்கரையிலுள்ள சினிசெல்லி சர்க்கஸுக்குள் நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “என்னய்யா, கம்பத்தையே காணோம்?” என்பதாக இருந்ததில் வியப்பில்லை.

அக்கட்டடத்தின் பெருமையே அதுதான். இத்தாலியக் குதிரை வித்தைக்காரர் கயெத்தானோ சினிசெல்லிக்காக வசீலி கெனெல் வடிவமைத்து, 1877 டிசம்பரில் திறக்கப்பட்ட இந்தக் கல் சர்க்கஸின் குவிமாடம், உள்ளே ஒரு தூணும் தாங்காமல் நிற்கிறது. கோலாலம்பூரில் டிக்கெட் எடுத்துத் தந்த பயண முகவர் முன்வரிசைக்குப் பணம் வாங்கிக்கொண்டு எங்களைக் கடைசி வரிசைக்கு அருகே உட்காரவைத்தபோதும், ஆட்டத்தில் எதுவும் மறையவில்லை.

ஆட்டக்களத்தின் குறுக்களவு 13 மீட்டர். ஓடும் குதிரையின் முதுகில் நிற்பவர் உள்பக்கம் சாய்ந்து நிலைகொள்ள ஏற்ற வட்டம் அது. சோவியத் காலத்தில் நகரந்தோறும் எழுந்த நிரந்தரச் சர்க்கஸ்களிலும் இதே அளவே பின்பற்றப்பட்டதால், ஒரு குழு ஊர் விட்டு ஊர் போனாலும் குதிரைக்கும் கலைஞருக்கும் களம் புதிதாக இருக்கவில்லை. 1919-இல் சர்க்கஸ்கள் அரசுடைமையாயின. 1927-இல் மாஸ்கோவில் சர்க்கஸுக்கென்றே அரசுப் பள்ளி தொடங்கியது. மறு ஆண்டு இக்கட்டடத்திலேயே சர்க்கஸ் அருங்காட்சியகம் அமைந்தது. நம்மூரில் பள்ளி விடுமுறைக்கு வந்து போகும் வேடிக்கையாகவே நாம் அறிந்த சர்க்கஸை, நாடகத்துக்கும் பாலேவுக்கும் பக்கத்தில் உட்காரவைத்தவை இந்தக் கல் சுவர்கள் என்றே நினைக்கிறேன்.

கலைஞர்கள் வெளிப்படும் திரைக்கு மேலுள்ள மாடத்தில் வாத்தியக் குழு அமர்ந்திருக்கிறது. அந்தரத்தில் தொங்கிய பெண் கைமாறும் கணத்துக்காக முரசுக்காரர் அண்ணாந்து பார்த்தபடியே கோலை நிறுத்தி வைத்திருந்தார். பதிவுசெய்த இசைக்கு அந்தப் பொறுமை ஏது? தளவாடங்கள் மாறும் இடைவெளியைக் கோமாளி நிரப்புகிறார். அவர் பேசிய ரஷ்ய மொழி எங்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவர் தன் தொப்பியையே மிதித்துவிட்டு யாரோ திருடியதாகத் தேடியபோது, அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

போக விரும்புவோர் முன்வரிசைக்கு ஆசைப்படவேண்டாம். திரைக்கு நேர் எதிரே நடு வரிசைகளே சிறந்தவை. முகவர் வழியாக எடுப்பதானால், இருக்கை எண்ணை எழுத்தில் வாங்கிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.